பைப் சோபாவின் இடது பக்கம்

ஷூ ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கையில் கொடுத்தாலும் இடது, வலது என்று பிரித்துவிடுவோம். சப்பாத்திக்கு மாவு உருட்டினால்கூட ஜோடி ஜோடியாக அடுக்கி வைப்பேன் என்று என் வீட்டில் கேலி செய்வார்கள். மலையடிவாரத்து ஃபேக்டரி ஒன்றில் க்ளோசிங் செக்‌ஷனில், அதாவது ஷூவின் மேல்தோலைத் தைத்துச் சேர்க்கிற பிரிவில், ஹெல்பராகச் சேர்ந்து சூப்பர்வைசராக வெளியே வந்தவள் நான். ரிட்டயர் ஆன பிறகு மலைமேல் எங்கள் ஊரான புதூர்நாட்டில் ஒரு பழைய தானியக் கிடங்கை வாடகைக்குப் பிடித்து, மிஷின் போட்டு, எங்கள் மலைப் பெண்களோடு பை, பெல்ட், குஷன் உறை என்று தைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் யூனிட்டில் புதிதாகச் சேருகிற பெண்கள் எல்லாரும் அந்த சோபாவைப் பற்றிக் கேட்கிறார்கள். ஆளுக்கு ஒரு தடவை சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன். மேலே சொன்ன வியாதிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

1. எலும்பு வெளியே

மேகம் தரைக்கு இறங்கியிருந்த ஒரு காலை. எங்கள் மலையில் அப்படிப்பட்ட நாட்களில் வேலை மெதுவாகத்தான் நடக்கும். மிஷின் சத்தம்கூடப் பக்கத்து ஊரில் இருந்து வருகிற மாதிரி கேட்கும். வாசலில் ஜீப் நின்றதும் தெரியவில்லை, ஒரு அம்மா உள்ளே வந்து நின்றதும் தெரியவில்லை. குள்ளமான உருவம், காட்டன் புடவை, எழுபது வயது இருக்கும். பத்மா என்று பெயர் சொன்னார்.

"லெதர்ல குஷன் தைப்பீங்களா? வீட்ல ஒரு சோபா இருக்கு. திருப்பத்தூர் கடைக்காரங்க போட்டோவைப் பார்த்துட்டு, ரெக்ஸின்ல வேணா புதுசா ஒண்ணு செஞ்சு தர்றோம்னுட்டாங்க. புதுசுன்னா எங்க வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டார்."

நானும் செண்பகமும் அதே ஜீப்பில் ஏறிக்கொண்டோம். செண்பகம் எங்கள் யூனிட்டில் கட்டிங் பார்ப்பவள். என் கூட ஃபேக்டரியில் தோல் வெட்டிக்கொண்டிருந்தவள், எனக்கு முன்பே வேலையை விட்டு மலைக்கு வந்துவிட்டாள். தோலைத் தடவியே மாட்டின் வயிறு எங்கே, முதுகு எங்கே என்று சொல்லுவாள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

வீடு ஊரைத் தாண்டி மேட்டில் இருந்தது. நீள ஹால், ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு இருந்திருக்கும். அன்றைக்கு வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்கு முன்னால் சோபா தனியாக நின்றது. சுற்றி வேறு சாமானே இல்லை.

அப்படி ஒரு சோபாவை நான் பார்த்ததில்லை. வளைத்த இரும்பு பைப்பில் ஒரு கூண்டு. பைப் மேல் வெள்ளி மாதிரி முலாம், அங்கங்கே துரு. கூண்டுக்குள் கறுப்புத் தோல் குஷன்களைச் செருகி வைத்திருந்தார்கள். உட்கார இரண்டு, முதுகுக்கு இரண்டு, கைக்கு இரண்டு. ஆணி கிடையாது, பசை கிடையாது. தூக்கினால் கையோடு வந்தன. தோல் வெடித்து, உள்ளே ஃபோம் மஞ்சளாகிப் பொடியாகிக்கொண்டிருந்தது.

செண்பகம் என் காதில் சொன்னாள்: "இன்னாக்கா இது, எலும்பு வெளிய கீது, சதை உள்ள கீது?"

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் பக்கத்து ரூமில் இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல், கொஞ்சம் குழறலாக: "யாரு அது? உள்ள வாங்க. கரெக்டா சொல்லிட்டாங்க."

2. காலேஜ் சார்

பத்மா அம்மாவின் கணவரை ஊரில் எல்லாரும் காலேஜ் சார் என்பார்கள். பெரிய ஊர் காலேஜ் ஒன்றில் நாற்காலி, மேஜை, விளக்கு இதெல்லாம் எப்படி வடிவமைப்பது என்று பாடம் எடுத்தவர். சொந்த ஊர் போளூர் பக்கம். ரிட்டயர் ஆனதும் மலைமேல் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வந்த பிறகு பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு திரும்பியபோது காலேஜ் தமிழ் போய்விட்டது, போளூர் தமிழ் மட்டும்தான் திரும்பி வந்தது என்று பத்மா அம்மா ஜீப்பிலேயே சொல்லியிருந்தார். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கட்டிலில் தலையணைகளுக்கு நடுவில் வலது பக்கமாகச் சாய்ந்து கிடந்தார் சார். நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம்.

"ஒக்காருங்க. சோபான்னா மின்னாடி இன்னா தெரியுமா? மரச் சட்டம், ஸ்பிரிங்கு, நாரு, அது மேல துணி, துணிக்குக் குஞ்சம். எலும்பு எங்க கீதுன்னே தெரியாது. அப்பால பாரிஸ்ல ஒரு ஆபீஸ்ல மூணு பேரு ஒக்காந்து யோசிச்சாங்க. நூறு வருசம் ஆவப்போவுது. சைக்கிள் ஹேண்டில்பாருக்கு பைப்ப வளைக்கிறானே, அந்த மாரி வளைச்சி ஒரு கூண்டு செஞ்சா இன்னான்னு. குஷன கூண்டுல போடு, அவ்ளோதான். மறைக்கிறதுக்கு ஒண்ணுமே கெடையாது."

மூச்சு வாங்கியது. பத்மா அம்மா தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். மக்களிடம் காட்டியபோது பலர் இது வீட்டுக்கு ஆகாது, ஆஸ்பத்திரிக்குத்தான் ஆகும் என்றார்களாம். ரொம்ப காலம் வாங்க ஆள் இல்லையாம். பிறகு இத்தாலியில் ஒரு கம்பெனி எடுத்துச் செய்ய, உலகத்தில் பெரிய ஆபீஸ் எல்லாவற்றிலும் அது போய் உட்கார்ந்துகொண்டதாம். அந்த மூன்று பேரில் இரண்டு பேர் பின்னால் நம் நாட்டுக்கே வந்து, வடக்கே ஒரு புது நகரம் கட்டும் வேலையில் இருந்தார்களாம்.

"மூணாவது ஆள் ஒரு பொண்ணு," என்றார் பத்மா அம்மா. "பல புத்தகத்துல அவங்க பேர் இருக்காது. ரொம்ப நாள் கழிச்சுதான் சேத்தாங்க."

"ஆமா, அதுவும் கீது," என்றார் சார்.

ஒரிஜினல் வாங்க இவருக்கு வசதி இல்லை. கல்யாணமான புதிதில், படத்தில் இருந்த அளவைப் பார்த்து, காலேஜ் ஒர்க்‌ஷாப்பில் தானே பைப்பை வளைத்துச் செய்திருக்கிறார். எங்கள் அடிவாரத்தில் பதனிட்ட தோல்தான் போட்டிருக்கிறார். அதைக் கேட்டதும் எனக்குள் ஒரு சந்தோஷம். நான் ஹெல்பராக இருந்த காலத்தில் என் கை பட்டுப்போன தோலாகக்கூட இருக்கலாம் என்று ஒரு நினைப்பு. அப்படி இருக்க வழி இல்லை, இருந்தாலும் நினைத்துக்கொண்டேன்.

"இருக்கிற மாரியே வேணும். நூலளவு மாறக்கூடாது. புரியுதா?" என்றார்.

"புரியுது சார்."

வாசல் வரை வந்த பத்மா அம்மா, கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். டாக்டர் தினமும் கொஞ்ச நேரமாவது நிமிர்த்தி உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறார். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும் என்று பயம். இவரோ வீல்சேரைத் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்கிறார். ஹாலுக்கு வந்தால் அந்த சோபாவில்தான் உட்காருவேன், இல்லாவிட்டால் ரூமே போதும் என்று மாசக்கணக்காக அடம்.

"அவர் ரூமை விட்டு வெளிய வரணும் அலமேலு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். நான் சமையல் பண்ணாலும் காது அந்த ரூம்லயே இருக்கு. குளிக்கப் போனாலும் அப்படித்தான்."

அதற்குள் உள்ளிருந்து "பத்மா" என்று குரல். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

3. சாம்பிள்தான் சாமி

எக்ஸ்போர்ட் ஷூ ஃபேக்டரியில் முதல் நாளே மண்டையில் ஏற்றிவிடும் விஷயம் ஒன்று உண்டு. ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுப் பையர் சம்மதித்து சீல் வைத்துக் கொடுத்த சாம்பிள் ஷூதான் சட்டம். அதில் ஒரு தையல் கோணலாக இருந்தால் நாமும் கோணலாகத்தான் போட வேண்டும். 'அவங்க தெரிஞ்சுதான் செஞ்சிருப்பாங்க, உன் புத்திசாலித்தனத்த வூட்ல வெச்சிட்டு வா' என்று என் முதல் சூப்பர்வைசர் சொல்லுவார். நானும் சூப்பர்வைசர் ஆனபோது அதையே சொன்னேன். ஒரு முறை, லேஸுக்கு அடியில் வருகிற நாக்குத் தோலில் ஒரு சின்ன மடிப்பு இருந்த சாம்பிள் வந்தது. தப்பு என்று நினைத்த ஒருத்தி சரிசெய்து தைத்துவிட்டாள். அந்த லாட்டில் தைத்த அத்தனை ஜோடியும் திரும்பி வந்தது. அந்த மடிப்புதான் மாடலே.

ஆக, ஆறு பழைய குஷன்களும் கிடங்குக்கு வந்ததும் நாங்கள் அவற்றை சாம்பிளாகவே நடத்தினோம். தையலைப் பிரித்து, தோலைத் துண்டு துண்டாக எடுத்து, அட்டை மேல் விரித்து, சுற்றிக் கோடு போட்டோம். கொஞ்ச நேரத்தில் செண்பகம் என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க வந்து பாரு. கை குஷன் ரெண்டும் ஒண்ணு கெடையாது. வலது கை மேல பள்ளமா கீது, அடியில அகலமா கீது. இடது கை நேரா கீது."

பார்த்தேன். உண்மைதான். வலது உட்காரும் குஷன் பின்பக்கம் குழிந்து, வலப்புறம் சரிந்திருந்தது. இடது உட்காரும் குஷன் முன்னால் மட்டும் தாழ்ந்து சரிவாக இருந்தது. முதுகு குஷன்களிலும் அப்படித்தான். வலதில் ஒரு வளைவு, இடதில் ஒன்றுமே இல்லை, பலகை மாதிரி.

இப்போது கேட்டால் சின்னக் குழந்தைகூடச் சொல்லும், அது உட்கார்ந்து உட்கார்ந்து வந்த வடிவம் என்று. அன்றைக்கு எங்களுக்குத் தோன்றவில்லை. சாதாரண சோபாவாக இருந்திருந்தால் தோன்றியிருக்கும். எலும்பை வெளியே வைக்கிற ஆட்கள் எதைத்தான் செய்ய மாட்டார்கள்? அதோடு இடது வேறு, வலது வேறு என்று இருப்பது எங்களுக்கு உலகத்திலேயே நியாயமான விஷயம். கால் அப்படித்தானே இருக்கிறது.

"லெஃப்ட், ரைட்டுன்னு எழுதிடு," என்றேன். செண்பகம் அட்டைகளில் L, R என்று போட்டாள்.

அதற்குப் பிறகு நடந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் ஒரு மயக்கம் மாதிரி வருகிறது. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. கிடங்கின் ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து, மிஷின்களைச் சுற்றிவிட்டு, யாரையும் கேட்காமல் வெளியே போகும். புதுத் தோலின் வாசனை, ஈர மண் வாசனை, யாரோ எங்கேயோ பலாக்கொட்டை சுடும் வாசனை. தோலின் ஓரத்தை மெலிதாகச் சீவி, மடித்து, தூண் மாதிரி உயர்ந்து நிற்கும் போஸ்ட் பெட் தையல் மிஷினில் விட்டுத் தைக்கும்போது ஊசி இறங்கும் சத்தம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். கை தானாக ஓடும். நான் அங்கே இருக்க மாட்டேன்.

எங்கே இருப்பேன் என்றால், நான் பார்த்தே இராத பாரிஸில் இருப்பேன். அந்த மூன்று பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ஆண்கள் இருவரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பெண் எழுந்து போய், வளைத்த பைப்பின் மேல் உட்கார்ந்து பார்ப்பாள். என் மனசில் அவளுக்கு எங்கள் ஊர்ப் பெண் முகம்தான். சில சமயம் அவள் திரும்பி, உங்கள் ஊரில் இப்போது என்ன மழையா என்று கேட்பாள். இதையெல்லாம் செண்பகத்திடம் சொன்னால் அன்றைக்கு முழுக்க என்னைக் கிண்டல் செய்வாள் என்று சொல்லவில்லை.

ஃபோமையும் பழைய வடிவத்துக்கே வெட்டினோம். வலது பக்கத்துக் குழிக்கு மெத்தென்ற ஃபோம், சுற்றி கெட்டியான ஃபோம், மூன்று அடுக்காக ஒட்டி, கத்தியால் சரிவு இழைத்து. ஷூவுக்கு உள்ளே பாதத்துக்கு அடியில் வைக்கிற மெத்தைத் துண்டு செய்கிற மாதிரியே செய்தோம். எனக்கு அதில் பெருமைதான். என் கையில் இருந்து வந்த வேலைகளில் இதைவிட நன்றாக வந்தது எதுவும் இல்லை என்று அன்று நினைத்தேன்.

4. கூண்டுக்குள் போகாத குஷன்

குஷன்களை எடுத்துக்கொண்டு போன அன்று வானம் வெளுத்திருந்தது. கண்ணாடிக்கு அப்பால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்தது. சாமைக் கொல்லைகள், புளிய மரங்கள், தூரத்தில் வளைந்து இறங்கும் ரோடு. பைப்பில் இருந்த துருவை முன்பே வந்து எமரி பேப்பரால் தேய்த்து எடுத்திருந்தோம். குஷன்களை ஒவ்வொன்றாகச் செருகினோம். ஹால் திடீரென்று நிறைந்த மாதிரி இருந்தது.

சார் வந்தார். ஒரு பக்கம் பத்மா அம்மா, இன்னொரு பக்கம் ஜீப் டிரைவர். காலை இழுத்து இழுத்து, ரூம் வாசலைத் தாண்டி. மாசக்கணக்கில் முதல் தடவை என்று பத்மா அம்மாவின் முகமே சொன்னது.

ஆனால் சார் உட்காரவில்லை. டிரைவர் மேல் சாய்ந்து நின்றுகொண்டு, இடது கையை நீட்டினார்.

"கை குஷன் ரெண்டையும் கழட்டி மாத்திப் போடும்மா."

அவரிடம் படித்தவர்களுக்கு முதல் பாடமே அதுதானாம். இந்த சோபாவில் ஒரே மாதிரி குஷன்களை இடம் மாற்றினால், மாற்றினது கண்ணுக்குத் தெரியக்கூடாது. அதற்காகத்தான் அது அப்படி வரையப்பட்டது. அதை அப்போதுதான் எங்களுக்குச் சொன்னார். செண்பகம் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். கழற்றி மாற்றிப் போட்டோம். வலது குஷன் இடது பக்கம் போகவில்லை. அகலமான அடிப்பக்கம் திசை மாறி, பைப்பில் முட்டிக்கொண்டு பாதியில் நின்றது.

"இன்னா இது?"

"சாம்பிள் அப்படித்தான் சார் இருந்துச்சு. லெஃப்ட் வேற, ரைட் வேற."

"இந்த சோபாவுக்கு லெஃப்ட், ரைட் கெடையாதும்மா. அதான் இந்த சோபாவே." குரல் உடைந்தது. கோபத்தைவிட அழுகை அதிகம் இருந்தது அதில். "ரூமுக்குக் கூட்டிப் போங்க."

எத்தனையோ லாட் ரிஜெக்ட் ஆகிப் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் ஷூதான் திரும்பும். இங்கே ஒரு மனிதர் திரும்பிப் போகிறார், இனி வெளியே வருவாரோ மாட்டாரோ.

பத்மா அம்மா அசையவில்லை. "இவ்ளோ தூரம் வந்தாச்சு. எனக்குக் கை வலிக்குது. ஒரு நிமிஷம் உக்காருங்க, அப்புறம் போலாம்," என்றார். கெஞ்சல் இல்லை, அதட்டல் இல்லை. அரிசி களைந்துவிட்டு வருகிறேன் என்கிற மாதிரிச் சொன்னார்.

குஷன்களைப் பழையபடி வைத்தோம். சாரை வலது பக்கத்தில் இறக்கினார்கள்.

விழுந்த பக்கமாகச் சாய்ந்தார். எல்லாரும் பிடிக்கக் கையை நீட்டினோம். ஆனால் சாய்ந்தவர் சரியவில்லை. வலது கை குஷனின் பள்ளத்தில் முழங்கை போய் உட்கார்ந்தது. முதுகு அந்த வளைவில் நின்றது. கட்டிலில் எத்தனை தலையணை வைத்தும் நிற்காத உடம்பு அங்கே நின்றது. சார் எங்களைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். ஒரு ஜீப் எங்கேயோ மலையேறும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"தப்பு," என்றார் கடைசியில். "தப்புதான். ஆனா இருக்கட்டும்."

வாழ்நாள் முழுக்க வலது பக்கம் சாய்ந்து புத்தகம் படித்தவராம். அந்தச் சாய்வைத்தான் நாங்கள் மாடல் என்று நினைத்துத் தைத்திருக்கிறோம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. சந்தோஷமும் வெட்கமும் சேர்ந்து வந்தது. செண்பகம் மட்டும் ஒன்றும் நடக்காதது போல நூல் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

5. பலகை மாதிரி இருந்த முதுகு

"நீயும் ஒக்காரு பத்மா," என்றார் சார்.

பத்மா அம்மா இடது பக்கம் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் வழுக்கி முன்னால் வந்து, சோபாவின் விளிம்பில் ஒட்டிக்கொண்டார். கை இரண்டும் முழங்காலில். கூப்பிட்டால் எழுந்து ஓடத் தயாரான மாதிரி.

"உள்ள தள்ளி ஒக்காரேன்."

"இப்படியே நல்லா இருக்கு."

சார் தலையைத் திருப்பி அந்தக் குஷனைப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்: "அந்தப் பக்கம் ஏன் சரிவா வெச்சீங்க?"

"சாம்பிள் சார்," என்றேன். வேறு என்ன சொல்ல?

வாங்கின சாம்பிளைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வழக்கம் என்பதால், பிரித்த பழைய தோலை எல்லாம் மூட்டையாகக் கொண்டு வந்திருந்தோம். சார் கேட்டார் என்று செண்பகம் ஒவ்வொன்றாக எடுத்து அவர் மடியில் வைத்தாள். வலது பக்கத்துத் தோல்கள் எல்லாம் நைந்து, வெளுத்து, நீண்டு போயிருந்தன. இடது உட்காரும் குஷனில் முன்விளிம்பு மட்டும் வெடித்திருந்தது. கடைசியாக இடது முதுகு. அதில் சுருக்கமே இல்லை. வெளுப்பில்லை. மினுமினுப்புகூடப் போகவில்லை. நேற்று கடையில் வாங்கின தோல் மாதிரி இருந்தது.

சார் நல்ல கையால் அதைத் தடவினார். திருப்பிப் பார்த்தார். மறுபடி தடவினார்.

"நீ ஒரு நாள்கூட சாயலியா?"

"சாஞ்சா கால் தரைக்கு எட்டாது," என்றார் பத்மா அம்மா. "அதுவும் இல்லாம, சாஞ்சு உக்காந்தா எழுந்திருக்க நேரம் ஆகுது. நீங்க கூப்பிடுவீங்க, குக்கர் கூப்பிடும், வாசல்ல யாராவது கூப்பிடுவாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். குறையாகச் சொல்லவில்லை. மழை வந்தால் துணி எடுப்போம் என்று சொல்லுகிற மாதிரி சொன்னார்.

"இத்தினி வருசமா எங்கிட்ட சொல்ல வேணாமா?"

"நீங்க கேக்கலையே."

சார் அந்தத் தோலை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். எத்தனையோ பேருக்கு அந்த சோபாவைப் பற்றிப் பாடம் எடுத்தவர். அந்த நிமிஷம் அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஏதோ வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்ட மாதிரி நாங்கள் இருவரும் சுவரோரம் நின்றோம்.

பிறகு அவர் வேலை சொல்லுகிற குரலில் சொன்னார்: "ஏம்மா, ஷூவுக்குக் கால் அளவு எடுப்பீங்க இல்ல? இவங்களுக்கு அளவு எடுங்க. இடது பக்கத்த அந்த அளவுக்குத் தைங்க."

"எனக்கு எதுக்கு?" என்று பத்மா அம்மா எழுந்தார்.

"ஒக்காரு. சாயாம வுட்டா சாமான் பாழாவுதுன்னு நெனச்சிக்க."

"அப்போ உங்க சோபா ஒரே மாதிரி இருக்காதே?"

"இருக்க வேணாம்," என்றார் சார்.

செண்பகம் டேப்பை எடுத்தாள். பத்மா அம்மாவை உள்ளே தள்ளி, முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார வைத்தோம். கால் தரையில் படாமல் தொங்கியது. அவர் தன் காலையே புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். இடுப்பில் இருந்து முழங்கால் மடிப்பு வரை, மடிப்பில் இருந்து குதிகால் வரை, முதுகில் எந்த இடத்தில் தாங்கல் வேண்டும் என்று எல்லாம் எடுத்தோம். அளவு எடுத்து முடிப்பதற்குள் இரண்டு தடவை எழுந்துவிட்டார். ஒரு தடவை அடுப்பைப் பார்க்க. இன்னொரு தடவை காரணமே இல்லை, பழக்கம்.

"அசையாம ஒக்காருங்கம்மா," என்றாள் செண்பகம். "கொழந்தைக்குக்கூட இத்தினி கஷ்டப்பட்டு அளவு எடுத்ததில்ல."

6. காபி

இரண்டாம் முறை தைப்பது சுலபமாக இல்லை. கூண்டு மாறாது, அதற்குள்தான் எல்லாம் அடங்க வேண்டும். அதனால் இடது முதுகு குஷனை இரண்டு மடங்கு தடிமனாக்கினோம். உட்காருகிற இடத்தின் ஆழம் தானாகக் குறைந்தது. உட்காரும் குஷனைத் தாழ்த்தி, முன்விளிம்பை உருண்டையாக்கி, கால் தரையைத் தொடும்படி செய்தோம். இந்த முறை தைக்கும்போது நான் பாரிஸுக்குப் போகவில்லை. பத்மா அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் யூனிட் பெண்களையும். மத்தியானம் சாப்பிடும்போது யாரும் சுவரில் சாய்ந்து உட்காருவதில்லை என்று அப்போதுதான் கவனித்தேன். நானும்தான்.

கொண்டுபோன அன்று மறுபடி மேகம். கண்ணாடி முழுக்க வெள்ளை. சார் ஏற்கெனவே தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் குஷன் கொண்டுவந்த நாளில் இருந்து தினமும் காலையில் வந்து உட்கார்ந்துவிடுகிறாராம், சாயங்காலம்தான் எழுப்ப முடிகிறதாம். குஷன் இரண்டையும் மாற்றினோம். வலது பக்கம் வயதான மனிதர் ஒருவர் மாதிரி சாய்ந்தும், இடது பக்கம் நிமிர்ந்தும், சோபா ஒரு ஜோடியாக நின்றது. படம் வரைந்தவர்கள் பார்த்தால் கோபப்படுவார்கள். அந்தப் பாரிஸ் பெண் மட்டும் ஒருவேளை கோபப்பட மாட்டாள் என்று எனக்கு ஒரு எண்ணம்.

பத்மா அம்மா சமையலறையில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "காபி போடறேன், உக்காருங்க."

"அப்பால போடலாம். மொதல்ல ஒக்காந்து பாரு," என்றார் சார்.

உட்கார்ந்தார். இந்தத் தடவை முன்னால் வழுக்கவில்லை. முதுகு போய்ச் சாய்ந்தது. இரண்டு பாதமும் தரையில் பட்டன. ஒரு தடவை எழுந்திருக்கப் பார்த்தார். சார் நல்ல கையை அவர் கை மேல் வைத்தார். "எப்டி கீது?" என்று கேட்டார்.

"நல்லா இருக்குங்க," என்றார். வெளியே பார்த்தார். "மேகம் எவ்ளோ கிட்ட வந்துடுச்சு..." என்று என்னவோ சொல்ல ஆரம்பித்தார். முடிக்கவில்லை. தலை மெல்லப் பின்னால் போய், அந்தப் புது முதுகில் நின்றது. நாங்கள் இன்னும் ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்துக்கொண்டிருந்தோம். தூங்கிவிட்டார்.

செண்பகம் சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். சார் எங்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். பிறகு குழறலைக்கூட அடக்கிக்கொண்டு, ரொம்ப மெதுவாகச் சொன்னார்: "காபி இன்னொரு நாளைக்கு. கதவ சாத்தும்போது சத்தம் போடாதீங்க."

இதில் இருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்பீர்கள். சாம்பிள்தான் சட்டம் என்பதை நான் இன்றைக்கும் மாற்றவில்லை. பழைய குஷன் வந்தால் இப்போதும் பிரித்து, விரித்து, கோடு போடத்தான் சொல்கிறேன். தேய்ந்த இடத்தை எல்லாரும் பார்ப்பார்கள், அதற்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தேயாத இடத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். அந்த இடம் யாருடையது என்று அந்த வீட்டில் கேட்டுவிட்டு, பிறகு கத்தரியை எடுங்கள்.